நெத்திலி வாசமும் பெந்தோங் இஞ்சியும்

விடியற்காலை 4 மணிக்கு எங்கள் வீட்டில் நெத்திலி பொரியும். 16 வருடமாக இதுதான் பிழைப்பு. மலேசியாவில் பேராக் மாநிலத்துப் பீடோர் பெரிய சாலையோரத்தில் கொய்யாப்பழக் கடைக்காரர்கள் பெட்டியை இறக்கி வைப்பதற்குள், தேங்காய்ப்பால் சோறான என்னுடைய நாசி லெமாக் பொட்டலம் 40, 50 போய்விடும். தோட்டத்தை விட்டு இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்தபோது வாங்கிய வீட்டுக்கடனில் பாதி அந்த நெத்திலி அடைத்தது.

மூன்று மாதத்துக்கு முன் ஒருநாள், நெத்திலியை எண்ணெயில் போட்ட சத்தம் அடங்கவில்லை, குளியலறையில் ஓங்கரிக்கும் சத்தம். மருமகளுக்கு அப்போது மசக்கை, 7 வாரம். கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, எங்களுக்குக் கேட்கக்கூடாது என்று தண்ணீர்ச் சத்தத்துக்குள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்தவள் முகத்தைத் துடைத்தபடி, "மாமி, கோவிச்சுக்காதீங்க. அந்த நெத்திலி வாசம்தான்…" என்றாள்.

"இதுல என்னம்மா கோவம்" என்றேன். உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது. என் கைப்பக்குவத்தைப் பத்து ஊர்ச் சனம் தேடி வருது, இவளுக்குக் குமட்டுதாம்!

சரி, எனக்குத்தான் வைத்தியம் தெரியுமே என்று அன்றைக்கே ஆரம்பித்தேன். ராத்திரிச் சந்தையில் வாங்கிய பெந்தோங் இஞ்சி ஒரு கட்டைவிரல் அளவுக்கு. பகாங் மலைப்பக்கம் விளைவது, விலை கூடுதல், காரம் அதைவிடக் கூடுதல். தட்டிப் போட்டு, சுண்டக் கொதிக்க வைத்து, கருப்பட்டி கலந்து, ஆவி பறக்க ஒரு பெரிய குவளை. "மூச்சைப் பிடிச்சிக்கிட்டு ஒரே மடக்கா குடிச்சிடும்மா." பாவம், மரியாதைக்காகக் குடித்தாள். மூன்று நிமிடம்கூட நிற்கவில்லை. போன வேகத்தில் வந்தது, வரும்போது தொண்டையையும் எரித்துக்கொண்டு வந்தது. அதோடு இரண்டு வாரம் இஞ்சி என்ற பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இஞ்சி மேல் குற்றமில்லை. வெறும் வயிறு, கொதிக்கிற சூடு, கடுங்காரம், ஒரே மடக்கு என்று நாலு தப்பை ஒரே குவளையில் ஊற்றிக் கொடுத்தது நான். பிறகு வேறு மாதிரி செய்தேன். தோல் மெல்லிசாக இருக்கிற இளம் இஞ்சி, காசு கனத்தில் மூன்று வில்லை, வெந்நீரில் போட்டுப் பத்து நிமிடம் மூடி வைத்து, நன்றாக ஆறவிட்டு, ஃபிரிட்ஜில். குளிர்ந்ததும் ஒரு சின்னப் போத்தலில் ஊற்றிக் கொடுத்துவிட்டேன். பிஸ்கோத்து ஒன்று தின்ற பிறகு, போகும்போது வரும்போது ஒரு மிடறு. இது தங்கியது. சூடான எதற்கும் வாசம் எழும்பும். ஆறினதற்கு அவ்வளவாக எழும்பாது. மசக்கைக்காரிக்கு மூக்குதான் முதல் எதிரி என்பது 30 வருடத்துக்கு முன்னால் நானே அனுபவித்தது, ஆனால் பிள்ளை பிறந்ததும் எல்லாம் மறந்துவிடுகிறதே.

கிளினிக் நர்ஸ் மிஸியிடம் கேட்டேன். இஞ்சி நல்லதுதான், ஆராய்ச்சியில் பெரும்பாலும் நாளைக்கு 1 கிராம் சுக்குத்தூள் கணக்கில் பிரித்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்றார். அது ஏறக்குறைய அரைத் தேக்கரண்டி. குமட்டலைக் குறைக்கிற அளவுக்கு வாந்தியைக் குறைப்பதில்லையாம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் கண்டேன். பிரட்டல் தணிந்தது, காலை வாந்தி மட்டும் தன் பாட்டுக்கு இருந்தது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இஞ்சி கூடினால் எரிச்சல் கூடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தினமும் குடிக்கக் கூடாது.

இஞ்சியைவிட அதிகம் உதவியது, சொன்னால் சிரிப்பீர்கள், காய்ந்த கிரீம் கிராக்கர் பிஸ்கோத்து. தலையணைக்குப் பக்கத்தில் ஒரு மூடி போட்ட டப்பா. மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எறும்புக்கும் மசக்கை வந்துவிடும். கண் விழித்ததும் எழக்கூடாது. ஒருக்களித்துப் படுத்தபடியே இரண்டு பிஸ்கோத்தை மெதுவாக மென்று, கால்மணி நேரம் அப்படியே கிடந்துவிட்டுப் பிறகு மெல்ல எழ வேண்டும். வயிறு காலியாக இருந்தால்தான் பிரட்டல் கூடும். அதனால் நாள் முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கோழி கொத்துகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சம். தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் இடையிடையே.

இந்தக் கால்மணி நேரம் எங்கம்மாவுக்குக் கிடைக்கவில்லை. என் தம்பியைச் சுமந்தபோது, 1974 அது, அவர் பால் மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்தார். விடியுமுன்னே பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும், பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைய சம்பளம் போச்சு. "காலையில பெரட்டு, அதே நேரத்துக்கு வயித்திலயும் பெரட்டு" என்று அம்மா இப்போதும் சொல்லிச் சிரிப்பார். லயத்து வாசலில் இருட்டில் குனிந்து வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புவாராம். அவருடைய வைத்தியம் பழைய சோற்றுத் தண்ணீர். ராத்திரி ஊற்றி வைத்த நீராகாரத்தைத் தெளிய எடுத்து, உப்புக்கல் போட்டு, மரத்துக்கு மரம் ஒரு வாய். பழைய சோறு மாவும் உப்பும் தண்ணீரும் உள்ளது, குளிர்ச்சியானது, வாசம் குறைவு. மருமகளுக்கும் கொடுத்துப் பார்த்தேன். "புளிச்ச வாடை மாமி" என்று தள்ளிவிட்டாள். புதிதாக வடித்த கஞ்சித் தண்ணீரை ஆறவைத்துக் கொடுத்ததும் குடித்தாள்.

'அசாம் போய்' என்கிற காய்ந்த புளிப்புப் பழத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலேசியாவில் மசக்கை என்றால் மலாய்க்காரி, சீனத்தி, தமிழச்சி எல்லாருடைய கைப்பையிலும் அது இருக்கும். வாயில் எச்சில் ஊறி ஊறி வரும்போது ஒன்றைக் கன்னத்தில் அதக்கினால் அடங்குகிறது. ஆனால் அது உப்பில் ஊறிக் காய்ந்த பழம். என்னைப் போல் பிரஷர் உள்ளவர்கள் நாளைக்குப் பத்துப் பதினைந்து என்று போகக் கூடாது. ஒன்றைப் போட்டு வைத்த தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து குடித்தால் உப்பு அவ்வளவு ஏறாது. எலுமிச்சைப் பழத்தைக் கீறி முகர்வதும் நல்ல உபாயம், செலவும் இல்லை. மணிக்கட்டு ரேகைக்குக் கீழே மூன்று விரல் அளந்து, இரண்டு நரம்புக்கு நடுவில் அழுத்துகிற சீன வைத்தியத்தையும் செய்தோம். அவள் நன்றாக இருக்கிறது என்றாள். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்ததுதான் நன்றாக இருந்ததோ என்னவோ.

கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை இன்னொரு சங்கடம். காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு பத்து மணி வரை தவித்தாள். நாங்களோ எல்லாம் மசக்கை என்றே நினைத்தோம். மிஸிதான் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றிப் போடச் சொன்னார், பாதித் தொல்லை தீர்ந்தது. கூடவே இன்னொன்றும் சொன்னார்: தேத்தூள் போட்ட இஞ்சித் தேத்தண்ணீரை அந்த மாத்திரையோடு குடிக்காதீர்கள், தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது. மாத்திரையை நாமாகவே நிறுத்தியிருந்தால் ரத்தம் குறைந்திருக்கும்.

இத்தனை செய்தும் 10ஆவது வாரத்தில் கைமீறியது. தண்ணீர்கூடத் தங்கவில்லை. நான் இஞ்சியை மாற்றினேன், சீரகத்துக்குப் போனேன், நெற்பொரியை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொடுத்தேன். "எல்லாருக்கும் இருக்கிறதுதாம்மா, மூணு மாசம் முடிஞ்சா சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளும் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். மகன் ஒருநாள் மெதுவாக, "அம்மா, காலையிலருந்து அவ ஒன்னுக்கே போகல" என்றான். எடை போட்டுப் பார்த்தோம். முதல் முறை கிளினிக்குக்குப் போனபோது 54 கிலோ, அன்றைக்கு 51.

அவசரப் பிரிவில் சிறுநீரைச் சோதித்தார்கள். கீட்டோன் இருந்தது. சாப்பாடு கிடைக்காமல் உடம்பு தன் கொழுப்பையே எரிக்கத் தொடங்கினால் அது வருமாம். கர்ப்பத்துக்கு முந்தைய எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் இறங்கி, குடித்தது எதுவும் தங்காவிட்டால் அது மசக்கையைத் தாண்டிய நோய், கை வைத்தியத்துக்குக் கட்டுப்படாது என்றார் டாக்டரம்மா. இரட்டைப் பிள்ளையா என்று ஸ்கேன் செய்தார்கள், ஒன்றுதான். இரண்டு நாள் டிரிப்ஸ், வைட்டமின் பி மருந்து, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக்கூடிய வாந்தி மருந்து. மூன்றாம் நாள் ஜெல்லியும் ரொட்டியும் தின்றாள். நான் மட்டும் கட்டில் பக்கத்தில் அந்த இஞ்சித் தண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஏன் அதைத் தூக்கிக்கொண்டு போனேன் என்று எனக்கே தெரியாது.

சிறுநீர் கடுந்தேத்தண்ணீர் நிறத்துக்குப் போனால், எட்டு மணி நேரமாகப் போகவே இல்லையென்றால், எழுந்தால் தலை சுற்றிக் கண் இருட்டினால், வாந்தியில் ரத்தம் தெரிந்தால், வயிற்று வலியோ காய்ச்சலோ சேர்ந்தால், அடுப்பை அணைத்துவிட்டு வண்டியை எடுங்கள். நம் பக்கம் டெங்கி ஓய்வதே இல்லை. காய்ச்சலோடு வயிறு வலித்து, வாந்தி நிற்காமல் வந்தால் அது டெங்கியின் அபாய அறிகுறி, காய்ச்சல் விட்ட பிறகு வந்தாலும் அப்படியே.

குமட்டல் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் மருந்து கொடுப்பது எங்கள் வீட்டில் பரம்பரை வழக்கம். 1980களில் பால் மரத்தை அழித்துச் செம்பனை என்கிற எண்ணெய்ப் பனை போட்டபோது அம்மாவை மருந்தடிக்க மாற்றினார்கள். முதுகில் டாங்கி, நிறைத்தால் 16, 18 லிட்டர். அது கசிந்து சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருக்கும். முகத்தில் ஒரு துண்டைத் தவிர வேறு காப்பு இல்லை. மத்தியானம் வந்ததும் தலைவலி, குமட்டல், சில நாள் வாந்தி. லயத்துப் பெண்கள், "என்னக்கா, இந்த வயசுலயா?" என்று கேலி செய்தார்கள். பாட்டி, பித்தம் ஏறிவிட்டது என்று எலுமிச்சையும் இஞ்சியும் பிழிந்து கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தப் பித்தம் ஏறவே இல்லை. மருந்தடிக்காத நாளில் குமட்டல் இல்லை என்பதை அங்கே யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. ஒரு வருடம் கழித்துக் களையெடுப்புக்கு மாற்றிய பிறகு தானாகவே நின்றது.

பராக்குவாட் என்ற புல்லு மருந்தை மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டார்கள். ஒரு வாய் விழுங்கினாலே உயிர் போகும், முறிவு மருந்து இல்லாதது. ஆனால் செம்பனையில் வேறு மருந்துகள் அடிக்கத்தான் செய்கிறார்கள், இப்போது பெரும்பாலும் வங்காளதேசத்துப் பிள்ளைகளும் இந்தோனேசியப் பிள்ளைகளும். மருந்தடித்துவிட்டு வந்தவருக்குக் குமட்டினால் இஞ்சியைத் தேடாதீர்கள். முதலில் துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு, நிறைய தண்ணீரில் குளிப்பாட்டுங்கள். எச்சில் வழிந்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி. மருந்துப் போத்தலின் லேபிளையும் கூடவே எடுத்துப் போங்கள். விழுங்கியிருந்தால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, வரும்போது மறுபடியும் சுடும். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது, 1-800-88-8099 என்ற எண்ணில் கேட்கலாம்.

அடுத்தது என் வீட்டுக்காரர் கதை. 2017, மழை ராத்திரி. நீரிழிவு என்கிற இனிப்புநீர் உள்ளவர். பதினொரு மணி வாக்கில், "வயித்தப் பெரட்டுது, வாயுபோல இருக்கு" என்றார். நெஞ்சு வலியா என்று கேட்டேன், இல்லை, கனமாக இருக்கிறது என்றார். ஓமத் தண்ணீர் வைத்தேன். கோடாலித் தைலம் தேய்த்தேன். தேய்த்த கையில் பட்டது தைலமா வியர்வையா என்று சந்தேகம். உள்ளங்கை முழுக்க ஈரம், ஐஸ்போலக் குளிர்ச்சி. அப்போதும் கைவிடாமல் இன்னொரு டம்ளர் ஓமத் தண்ணீர் கொடுத்தேன். ஒரு மணி நேரம் அப்படி வீணானது. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பையன்தான் பார்த்ததும், "மாச்சிக், இது ஹார்ட்" என்று 999க்கு அடித்தான். ஈப்போவுக்கு அனுப்பி, இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். இனிப்புநீர் உள்ளவர்களுக்கும், பெண்களுக்கும், வயதானவர்களுக்கும் மாரடைப்பு வலியில்லாமல் வெறும் குமட்டலும் வியர்வையுமாக வரலாம் என்று அங்கேதான் சொன்னார்கள். இப்போது வீட்டில் 50ஐத் தாண்டிய யாராவது திடீரென்று வயிற்றைப் பிரட்டுகிறது என்றால் நான் முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். குளிர்ந்து வியர்த்திருந்தால் ஓமம் டப்பாவிலேயே இருக்கும்.

அந்தத் தைலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முகர்வதோடும் தேய்ப்பதோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டுக் குடிக்கிற பெரியவர்களை இன்னும் பார்க்கிறேன். கற்பூரமும் மெத்தில் சாலிசிலேட் என்ற வலி மருந்தும் கலந்தது அது. சின்னப் பிள்ளை கைக்கு எட்டி விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. இரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு மூக்கருகில் தடவவே கூடாது.

பேரனிடம் கற்றதையும் சொல்லிவிடுகிறேன், இது மகள் வழிப் பேரன். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுகிற பழைய சாலை தெரியும்தானே, தானா ராத்தா போக ஏறக்குறைய 60 கிலோமீட்டர், வளைவுக்குப் பஞ்சமே இல்லை. லத்தா இஸ்கந்தார் அருவி வருவதற்குள் எங்கள் காரில் எப்போதும் யாராவது பையைத் தேடுவார்கள். அதற்குக் காரின் முன் இருக்கையும், தூரத்துச் சாலையைப் பார்க்கிற கண்ணும், மூடி வைத்த கைப்பேசியும் போதும். காது அசைகிறது என்கிறது, கண் அசையவில்லை என்கிறது, அந்தச் சண்டையில் வயிறு மாட்டிக்கொள்கிறது. கண்ணையும் சாலையைப் பார்க்க வைத்துவிட்டால் சண்டை பாதி அடங்கும்.

ஆனால் போன ஜூனில் திரும்பி வந்த மறுநாள் அவனுக்கு வந்தது வேறு. வாந்தியும் பேதியும். அழுகிற பிள்ளைக்குக் கேன் பானம் ஒன்றை உடைத்துக் கொடுத்தேன், முழுசாகக் குடித்தான், முழுசாக வெளியே வந்தது. தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்த ஒரு பெரியம்மா எங்கள் தெருவில் இருக்கிறார். அவர் வந்து, "வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் சும்மா விடு. பொறவு ஒரு சின்னக் கரண்டி. ரெண்டு நிமிஷம் கழிச்சு இன்னொரு கரண்டி" என்றார். கிளினிக்கில் கொடுக்கும் உப்புச்சர்க்கரைப் பொடிதான் சரியானது. கையில் இல்லாதபோது 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தட்டையாக, குவியலாக இல்லை. உப்பு கூடினால் ஆபத்து, அதனால் கண்ணளவு வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நானும் மகளும் ராத்திரி ஒரு மணி வரை மாற்றி மாற்றி ஊட்டினோம். கை கடுத்தது. ஆனால் ஒரு கரண்டிகூட வெளியே வரவில்லை. மருமகளுக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இதே கணக்குதான், கரண்டிக்குப் பதில் ஐஸ்கட்டித் துண்டு.

அவளுக்கு இப்போது 19 வாரம். வாந்தி 17இல் நின்றது. பெரும்பாலானவர்களுக்கு 16க்கும் 20க்கும் நடுவில் நிற்குமாம். டப்பாவும் தலையணைப் பக்கத்திலிருந்து சமையலறைக்குத் திரும்பிவிட்டது. ஆனால் நெத்திலி மட்டும் இன்னும் ஆகவில்லை. சம்பால் தின்கிறாள், வறுத்த கச்சான் கடலை தின்கிறாள், பொட்டலத்தில் நெத்திலியை மட்டும் பொறுக்கி ஓரத்தில் வைத்துவிடுகிறாள். பொரிக்கிற அடுப்பை நான் எட்டு வாரத்துக்கு முன்னாலேயே பின்வாசல் ரம்புத்தான் மரத்தடிக்கு மாற்றிவிட்டேன். கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் போடுவதுதான் சிரமம். அக்டோபர் மழை வருவதற்குள் மேலே போட இரண்டு தகரம் வாங்கி வைத்திருக்கிறேன், மகன் இந்த ஞாயிறு அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.